லைட்ரூமை விடலாமா? ராஜாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள ராஜா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாதாமாதம் சந்தா கட்டி அலுத்துவிட்டது, லைட்ரூம், போட்டோஷாப் என்று அடோபி கம்பெனியின் போட்டோ புரோகிராம்களை மொத்தமாக விட்டுவிடலாமா என்கிறாய். 2013-இல், புதிய போட்டோஷாப் இனிமேல் கிரியேட்டிவ் கிளவுட் என்ற சந்தாவுக்குத்தான் என்று ஆனதிலிருந்து நம் போட்டோ தொழிலில் பலருக்கும் இருக்கிற கோபம்தான் இது. ஆனால் கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா ஃபைலை எதில் டெவலப் செய்வது, அதாவது வெளிச்சமும் நிறமும் சரிசெய்து படமாக்குவது என்பது ஒரு முடிவு, அந்தப் படத்தை எதில் ரீடச் செய்து ஆல்பம் போடுவது என்பது வேறு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ரீடச் விஷயம் சுலபம். அஃபினிட்டி என்ற எடிட்டிங் புரோகிராமை 2024-இல் கேன்வா கம்பெனி வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகவே கொடுக்கிறார்கள், முகத்தில் பரு எடுப்பது, பின்னால் நிற்கிற ஆளை அழிப்பது எல்லாம் அதில் தாராளமாக நடக்கும். கிம்ப் என்ற இலவச புரோகிராமும் 2025-இல் வந்த 3.0 பதிப்பில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது, ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றலாம். ஆனால் உன் ஆல்பம் டிசைனர் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் டெம்ப்ளேட்டில் வேலை செய்கிறவர். அஃபினிட்டி பிஎஸ்டியைத் திறக்கும், ஆனால் எழுத்தும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும் (உள்ளே தனியாகப் பொதிந்து வைத்த படம்) உள்ள ஃபைல் எப்போதும் அப்படியே வந்துவிடாது. முகூர்த்த சீசனில் அந்தத் தலைவலி உனக்கு வேண்டாம்.

ரா விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். லைட்ரூமில் நீ செய்கிற எதுவும் ரா ஃபைலைத் தொடுவதில்லை, வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த நிறத்தை இப்படி மாற்று என்ற குறிப்புகள்தான் கேட்டலாக் என்ற அதன் பதிவேட்டில் சேர்கின்றன. ஸ்டார், கீவேர்டு போன்றவற்றை வேறு புரோகிராமும் படித்துக்கொள்ளும், ஆனால் நீ கொண்டுவந்த நிறம் அப்படியே அங்கே வராது. ஆப்பிளின் அப்பெர்ச்சர் என்ற ரா புரோகிராமை நம்பியிருந்தவர்கள் 2014-இல் அதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது பட்ட பாடு இதுதான். பத்து வருடம் கழித்து ஒரு குடும்பம் வந்து அப்பாவின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கும், நமக்கு அது வழக்கமாக நடப்பதுதானே. அதனால் எங்கே போனாலும் ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் திருத்திய நிறத்தோடேயே 16 பிட் டிஃப் ஆக (பல புரோகிராம்களும் திறக்கும் முழுத்தரப் பட ஃபைல்) எடுத்து வைத்துவிட்டுப் போ. 24 மெகாபிக்சல் படம் ஒன்றே சுமார் 140 எம்பி வரும் என்பதால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. சந்தா முடிந்தாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், எக்ஸ்போர்ட் ஆகும், டெவலப் பகுதிதான் பூட்டிக்கொள்ளும், ஆகவே அவசரமும் இல்லை.

இப்போது நீ புதிதாகப் பிடித்திருக்கும் பட்டுச்சேலைக் கடை வேலை. அதற்குக் கேப்சர் ஒன் என்ற ரா புரோகிராமை வாங்கு என்று தயங்காமல் சொல்வேன். கேமராவைக் கேபிளில் இணைத்து எடுக்கும்போது அதன் வேகமும் உறுதியும் எனக்கு மிகவும் பிடிக்கும், கடைக்காரர் பெரிய திரையில் பார்த்து அங்கேயே சரி சொல்லிவிடுவார். மயில்கழுத்துச் சேலையை நினைத்துப் பார், திருப்பினால் நீலம், சாய்த்தால் பச்சை, நடுவில் சரிகை வேறு. அந்தப் பச்சையை மட்டும் பிடித்துத் திருத்த அதன் கலர் எடிட்டர் அருமை. தோல் நிறத்துக்கென்றே தனிப் பகுதியும் உண்டு, மேடையின் எல்இடி வெளிச்சத்தில் கன்னம் ஒரு நிறம் நெற்றி ஒரு நிறம் என்று திட்டுத்திட்டாக விழுவதைச் சமன் செய்துவிடலாம். சந்தா இல்லாமல் ஒரே தடவையில் வாங்கவும் வழி இருக்கிறது, பெரிய புதிய பதிப்புக்குத் திரும்பப் பணம் கட்டவேண்டிவரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

கல்யாண வேலையை இந்த சீசன் முடியும்வரை லைட்ரூமிலேயே ஓட்டு. ஆயிரக்கணக்கில் படம் வரும்போது உன் கை பழகிய வேகம்தான் உனக்கு லாபம்.

அப்புறம், மானிட்டரைக் கேலிபரேட் செய்தாயா, அதாவது திரையின் நிறத்தைக் கருவி வைத்துச் சரிசெய்தாயா? செய்யாமல் எந்த புரோகிராம் வாங்கினாலும் லேபிலிருந்து வரும் பிரிண்ட் உன் திரையோடு சேராது. என் கருவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதலில் அதை முடி. பிறகு அந்த மயில்கழுத்துச் சேலையின் ரா ஃபைல் ஒன்றை அனுப்பு, லைட்ரூம், கேப்சர் ஒன் இரண்டிலும் டெவலப் செய்து அனுப்புகிறேன், கடைக்காரரிடமே காட்டிக் கேள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செந்தில்