மலை வீட்டு அடுப்படிக்கும் குறிப்புகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் காலைச் சிற்றுண்டிக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவரும் கோத்தகிரி வாசகி நான். அவற்றில் பெரும்பாலானவை, இரவு அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. சமவெளிக்கு அது பொருந்தும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் நன்றாக வளர ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; மார்கழி, தை மாத இரவுகளில் இங்குள்ள பல வீடுகளின் அடுப்படியில் அதில் பாதிதான் இருக்கும். உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், "பத்து நிமிடம் வேக விடவும்" என்று அச்சிட்டதை அப்படியே பின்பற்றினால், திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகாமல் நிற்கும்.

மலையில் காலை உணவு எளிதாவதும் கடினமாவதும் முந்தின இரவு அடுப்படியை எப்படி ஒழுங்கு செய்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து. விடிந்ததும் தேயிலை பறிக்கக் கிளம்பும் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். பழக்கடையில் கிடைக்கும் மரப்பெட்டி ஒன்றின் உட்புறம் முழுவதும் பழைய கம்பளித் துணியை மடித்துப் பரப்பி, அதில் மாவுப் பாத்திரத்தையும், கொதித்த நீர் நிரப்பி இறுக மூடிய எவர்சில்வர் தூக்கு ஒன்றையும் அருகருகே வைத்து, மேலே தடித்த போர்வையால் மூடிவிட்டால், குளிர்காலத்திலும் காலையில் மாவு எழும்பியிருக்கும். படுக்கப் போகும்முன் ஒருமுறை வெந்நீரை மாற்றுவது நல்லது. உளுந்துடன் ஒரு கரண்டி வெந்தயம் ஊற வைத்து அரைப்பதும் உதவும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

புளிக்க வேண்டாத சிற்றுண்டிகளுக்கும் தங்கள் பக்கத்தில் உரிய இடம் தர வேண்டும். நீலகிரியின் படுகர் இன மக்கள் வாழும் ஹட்டிகள் எனப்படும் சிற்றூர்களில் ராகியும் சாமையும் தொன்றுதொட்டு உண்ணப்பட்டு வருபவை. 2023-ஆம் ஆண்டு முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ ராகி தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த ராகியை வாங்கியவுடன் மொத்தமாக அரைத்துவிடும் வீடுகள் பல. ராகி தானியமாக இருக்கும்வரை நெடுநாள் கெடாது. மாவானால் ஈரம் ஏறி விரைவில் கசந்துவிடும். பத்து நாள் தேவைக்கு மட்டும் அரைத்து வைத்துக்கொண்டால் போதும். இரண்டு தம்ளர் ராகி மாவு, அரைத் தம்ளர் அரிசி மாவு, ஒரு கை ரவை ஆகியவற்றை மோரில் நீர்க்கக் கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் கால் மணி நேரம் ஊற விட்டால், ரவா தோசை போலவே மெல்லியதாக ஊற்றி எடுக்கலாம். ரவையை வறுத்து, கடுகு, கடலைப் பருப்பு, வற்றல் மிளகாய், மொறுமொறுவென்று பொரித்த கறிவேப்பிலை எல்லாம் முன்கூட்டியே தாளித்துக் கலந்து, ஆறிய பின் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைப்பது மற்றொரு வழி. காலையில் கொதிக்கும் நீரில் உப்புடன் கொட்டிக் கிளறினால் உப்புமா ஆயிற்று.

ஆனால் இவற்றைக் கெடாமல் காப்பதுதான் மலையில் பெரும்பாடு. ஆடி மாதம் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும் மழை எங்களுக்குச் சாரலாகவே வருகிறது. கோத்தகிரிக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழைக் காலம். அப்போது சுவரே நீர் கோக்கும். எனவே அலமாரிப் பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். அடித்தட்டைச் செங்கல்மேல் உயர்த்த வேண்டும். உப்பைச் சீனா ஜாடியில், அடியில் சிறிது வறுத்த அரிசி போட்டு வைக்கலாம். எண்ணெயையும் வெல்லத்தையும் சன்னல் ஓரத்தில் வைக்கவே கூடாது. அவற்றின் வாசனைக்குக் கரடிகள் வீடுகளுக்குள் நுழைவதைக் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியினர் நன்கு அறிவர். இறுக மூடும் தகர டின்தான் ஏற்றது. காலைக்கு வேண்டிய ரவைப் பாட்டில், ராகி மாவு, அஞ்சறைப் பெட்டி, காப்பித்தூள் ஆகிய அனைத்தையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்துவிட்டால், இருட்டிலும் குளிரிலும் தேடி அலைய வேண்டியதில்லை.

தங்கள் சமையல் பகுதியில் மாதம் ஒருமுறையேனும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி வாசகர்களுக்கான குறிப்புகளை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றக் குறிப்புகளிலும், மலையில் வேகும் நேரம் கூடும், மாவு புளிக்க வெப்பம் தேவைப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் பேருதவியாக இருக்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தானியங்களையும் மாவு வகைகளையும் ஈரத்திலிருந்து காப்பது பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால், மழைக்கு முன் அலமாரிகளைச் சீர்செய்து கொள்ள எங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.