நியூ டெரிட்டரிஸ் கிராமங்களை அளந்த இந்திய சர்வேயர்களின் பதிவேடுகளை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழர் ஒருவர், யுவென் லாங், ஹாங்காங்

பெறுநர்:
இந்திய சர்வேயர் ஜெனரல் அவர்கள், டேராடூன்

ஐயா, வணக்கம்.

1898 ஜூன் 9 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஹாங்காங்கை ஒட்டிய நியூ டெரிட்டரிஸ் கிராமப் பகுதியைச் சீனாவிடமிருந்து 99 ஆண்டு குத்தகைக்கு பிரிட்டன் எடுத்தது. அங்கே குடியிருந்த சுமார் ஒரு லட்சம் பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் பறிபோகும், வரி ஏறும், மேட்டில் போலீஸ் கட்டடம் வந்தால் ஊரின் ஃபெங்சுய் (நம் வாஸ்து போன்ற சீன நம்பிக்கை) கெடும் என்று அவர்கள் பயந்தார்கள். 1899 ஏப்ரலில் தை போ என்ற ஊரில் பிரிட்டிஷ் கொடியேற்றப் போட்டிருந்த கொட்டகையைக் கொளுத்தினார்கள். அப்புறம் நடந்த ஆறு நாள் சண்டையில் கிராமத்தார் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களைச் சுட்டவர்களில் ஹாங்காங் ரெஜிமென்டில் இருந்த நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு.

காம் டின்னில் காட் ஹிங் வை என்ற மதில் சூழ்ந்த ஊரின் இரும்புக் கதவுகளைப் பிரிட்டிஷ் படையினர் பெயர்த்து எடுத்தார்கள். ஹாங்காங் கவர்னர் பிளேக் அவற்றை அயர்லாந்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஊரின் டாங் குலத்தார் விடாமல் கேட்டு 1925இல் திரும்பப் பெற்றார்கள். இன்றும் வாசலில் நின்று பார்த்தால் இரண்டு கதவுகளின் வளையப் பின்னலும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று பக்கத்து ஊருடையது என்கிறார்கள்.

துப்பாக்கிக்கு ஆறு நாள் போதுமானதாக இருந்தது. ஆட்சியை ஊன்ற வைத்தது அளவுச் சங்கிலிதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வேலைக்கு 1899 இறுதியில் உங்கள் துறையிலிருந்துதான் ஜி. பி. டேட் தலைமையில் இந்திய சர்வேயர்கள் போனார்கள். 1:3960 அளவில் வயல் வயலாக வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டார்கள். அந்த வரைபடங்களை வைத்து நில நீதிமன்றம் உரிமையை முடிவு செய்தது. பெரிய குலங்கள் உழுதவர்களிடம் பரம்பரையாக வாங்கிவந்த மேல்வாரம் (நிலத்துக்கான பங்கு) பல இடங்களில் போயிற்று. உழுதவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதே சமயம் 1905 முதல் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவரெல்லாம் அரசின் குத்தகைதாரர் ஆனார். இங்கே ஒரு வயலை விற்றால் இன்றும் பத்திரத்தில் அந்த எண்தான் வருகிறது.

டேட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வரப்பு வரப்பாக நடந்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், கிராமத்தார் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் வெளியே வர வேண்டும். ஆள்வதற்கு ஒரு கை வாடகைக்குப் போனது என்றால், அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அளக்கப்பட்ட ஊருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

ஆகவே, 1899 முதல் 1905 வரையிலான ஹாங்காங் அளவைப் பணி தொடர்பான ஆள் பட்டியல், களப் புத்தகங்கள், கடிதங்கள் ஆகியவற்றைத் தங்கள் ஆவணங்களில் தேடச் செய்து, ஸ்கேன் எடுத்து இணையத்தில் வெளியிடுமாறும், ஒரு பிரதியை ஹாங்காங் அரசு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். தேடுவதற்கும் நகல் எடுப்பதற்கும் ஆகும் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)