எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுந்த மரத்தைச் செயின்சாவால் (எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பம்) பலகையாக அறுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் அது முழுக்க எஞ்சினைச் சுற்றியே போகிறது. "வாங்குவதானால் இருப்பதிலேயே பெரியதை வாங்குங்கள்" என்ற அறிவுரையோடு முடிந்தும் விடுகிறது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் இதை நம்பினால், பெரிய மெஷினை வாங்கி அதில் பொருந்தாத செயினை மாட்டித் திணறுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மரத்தடியின் அகலம். அறுக்கப்போகும் மரங்களில் மிக அகலமானது எத்தனை அங்குலம்? அதை வைத்து 'பார்' (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), பாரை வைத்து எஞ்சின் என்று வர வேண்டும். பலகை சீராக வர ரம்பத்தைத் தாங்கும் அறுவைச் சட்டத்தைப் பாரின் இரு முனையிலும் இறுக்குவதால் 4 முதல் 6 அங்குலம் வரை அதிலேயே போய்விடும். 36 அங்குலப் பாரில் 36 அங்குலத் தடியை அறுக்க முடியாது. 30 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைப் பொறுத்தவரை, சிறிய, மென்மையான தடிகளுக்கு 60, 70 சிசி போதும். 24 அங்குலத்தைத் தாண்டினால், அதிலும் கடினமான மரம் என்றால், 90 சிசிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டும்போது சில நொடிதான் முழு வேகத்தில் ஓடும். பலகை அறுக்கும்போது நிமிடக்கணக்கில் அப்படியே ஓட வேண்டும். எஞ்சின் சூடேறுவது அதனால்தான். ஒவ்வொரு அறுவை முடிந்ததும் உடனே அணைக்காமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுங்கள். தூளும் மிக நைசாக வரும், காற்று ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

இனி செயின். கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போன இடம் இது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் செயினின் பற்களை 25 முதல் 30 டிகிரிச் சாய்வில் தீட்டியிருப்பார்கள். குறுக்கே வெட்டும்போது மரத்தின் நாரைப் பக்கவாட்டில் அறுத்துப்போட அந்தச் சாய்வு உதவும். பலகை அறுக்கும்போது பல் நாரின் முனையை நேருக்கு நேர் சந்திக்கிறது. அங்கே அதிகச் சாய்வு இருந்தால் பல் பக்கவாட்டில் இழுக்கும், பலகையின் முகமும் கரடுமுரடாகும். பலகை அறுப்பதற்கென்றே தீட்டிய ரிப்பிங் செயினில் சாய்வு சுமார் 10 டிகிரிதான். உளி போல நேராகச் சீவிக்கொண்டு போகும். பலகை வழவழப்பாக வரும், பிறகு இழைக்கிற வேலையும் குறையும். சாதாரண செயினாலும் அறுக்க முடியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொடர்ந்து பலகை அறுப்பவர் ரிப்பிங் செயின் வாங்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மொத்தச் செலவில் அது சின்னப் பகுதிதான்.

பார் நீளமானால் பற்கள் இடைவெளி விட்டு வரும் ஸ்கிப் செயினையும் யோசிக்கலாம். ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கும் பற்கள் குறைவதால் எஞ்சினுக்குச் சுமை குறையும், தூள் வெளியேறவும் இடம் கிடைக்கும். சிறிய எஞ்சின் வைத்திருப்பவருக்கு பற்கள் சிறியதாக, தாழ்வாக இருக்கும் 3/8 லோ புரோஃபைல் செயின் இன்னொரு வழி. குறுகலாக அறுப்பதால் மரமும் குறைவாகத் தூளாகும், எஞ்சினும் திணறாது.

எதை வாங்கினாலும் மூன்று பொருத்தங்களைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), எஞ்சினின் பல்சக்கரத்துக்கும் பாரின் முனையில் உள்ள மூக்குச் சக்கரத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதிலிருந்து மூன்றாவது வரையுள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைத்துவிடும். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் செயினின் அடிப்பல்லின் தடிமன் அந்தப் பள்ளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்: 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. அப்புறம் அடிப்பற்களின் எண்ணிக்கை. பாரின் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் இதில்தான் தவறு நேரும். நீளமான பாரில் மூக்குவரை போதிய எண்ணெய் போய்ச் சேராது. முனையில் தனியாக எண்ணெய் சொட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால் பாரும் செயினும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

காதுக்கவசம், முகமூடி பற்றிக் கட்டுரையாளர் அழுத்தமாக எழுதியதற்கு நன்றி. அதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: அறுத்த பிளவில் அங்கங்கே ஆப்பு செருகிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் மேல்பலகை அமர்ந்து பாரைக் கவ்விக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். செயின் தீட்டுவதைப் படங்களோடு அடுத்த இதழிலாவது வெளியிடுங்கள். எல்லாப் பற்களையும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் அரத்தால் தீட்டுவது எப்படி, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் திமிலை (பல் கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேடு) எப்போது, எவ்வளவு தேய்ப்பது என்பதை எழுத்தில் மட்டும் சொன்னால் புதியவருக்குப் பிடிபடாது.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்