மறுவரையறை: வரைவிலேயே விழிக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

தொகுதி மறுவரையறை பற்றிய தங்கள் தலையங்கம் இடங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழும் என்பதும் முக்கியமே. 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டப்படி, புதிய எல்லைகளின் வரைவு வெளியானபின் ஆட்சேபங்கள் பெறப்பட்டு, பொது அமர்வில் விசாரிக்கப்படும். இறுதி ஆணை வெளியானால் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது என்கிறது அச்சட்டம்; அப்பட்டமாகத் தன்னிச்சையான ஆணையில் மட்டும் நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியது. ‘எங்கள் ஊரைப் பிரிக்காதீர்’ என்ற ஒற்றை வரி மனு பெரும்பாலும் எடுபடாது. ஓர் ஊரை நகர்த்தினால் இரு தொகுதிகளின் மக்கள்தொகையும் மாறும். ஈடாக எந்த ஊராட்சியை மாற்றலாம் என்பதையும் கணக்கோடு காட்ட வேண்டும். வரைபடத்தில் ஒட்டியிருக்கும் இரு ஊர்களுக்கிடையே பாலமில்லாத ஆறு ஓடலாம். போக்குவரத்து வசதியையும் கருதச் சட்டமே சொல்கிறது.

ஆணையோ ‘வட்டம் (பகுதி)’, அதாவது வட்டத்தின் ஒரு பகுதி மட்டும், என்று தொடங்கி ஊர்ப்பெயர்களை அடுக்கும்; எல்லை எங்கே என்பது அதில் எளிதில் புலப்படாது. அடுத்த வரைவையாவது ஊர்வாரி மக்கள்தொகை, வரைபடத்துடன் ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்டலாம்.