விருந்தினர் அறை தயார், ஜெயா

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. ரவிக்குப் பெண் பார்க்கப் போன கதையைத்தான் பாதியில் விட்டுவிட்டாய். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதாவிட்டால் சண்டைதான். இங்கே நாங்கள் நலம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து தோட்டத்தை விட்டு நகர்வதில்லை. பாரிஸை விட்டுத் தெற்கு பிரான்சில் இந்த ஆப்ட் நகரத்துப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்ததே அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் சனிக்கிழமைச் சந்தையில் அதிக நேரம் சுற்றுவது நான்தான்.

பாண்டி வீட்டின் மாடி அறையைப் பிரெஞ்சு கிராமத்து வீடு மாதிரி அலங்கரித்து ஹோம்ஸ்டேவுக்கு விடப் போவதாக எழுதியிருந்தாய். கையில் அதிகம் பணமில்லை, யோசனை சொல் என்றாய். நல்ல நேரத்தில் கேட்டாய். நீ வந்தால் தங்குவதற்காகக் குளிர்காலம் முழுக்க நானும் ஓர் அறையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்று. 'கிராமத்து பாணி' என்று பெயர் போட்டுக் கடையில் விற்பதுதான் இருப்பதிலேயே விலை கூடியது. புது மரத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, பழசு போலக் காட்டி ஆயிரம் யூரோ கேட்கிறார்கள். அப்படி ஓர் அலமாரியின் படத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், இதே கிராமத்தில் பிறந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒன்றை நாங்கள் கோழிக்குத் தீவனம் வைக்கப் போட்டிருந்தோம்" என்றார். சுண்ணாம்புச் சுவர், சுட்ட மண் ஓட்டுத் தரை, லினன் துணி, வைக்கோல் பின்னிய நாற்காலி என்று விவசாயிகள் கைக்குக் கிடைத்ததை வைத்து வாழ்ந்ததுதான் இது. அந்தப் பொருள்களையே தேடிப் போனால் செலவு தானாகக் குறைந்துவிடுகிறது.

சுவரிலிருந்துதான் தொடங்கினேன். யாரோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் முழுக்கச் சுரண்டி எடுத்தோம். இருந்த வேலையிலேயே அலுப்பானது அதுதான். அப்புறம் ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்புப் பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர். நிறத்துக்கு இங்கேயே தோண்டி எடுக்கும் காவி மண். பக்கத்தில் ரூசியோன் என்று ஓர் ஊர், மலையே சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். அந்த மண்ணைக் கழுவி அரைத்துப் பொட்டலமாக விற்கிறார்கள். சுண்ணாம்பின் எடையில் கால் பங்குக்கு மேல் காவி சேர்த்தால் கையில் ஒட்டும். நான் ஒரு கைப்பிடிதான் போட்டேன், வெயில் பட்ட வைக்கோல் நிறம் வந்தது.

சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, ரோலர் இல்லாமல் அகலப் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க வேண்டும். மெல்லிசாக மூன்று பூச்சு. ஈரத்தில் பார்த்தால் ஐயோ இவ்வளவு அடர்த்தியா என்று பயமாக இருக்கும். காயக் காயச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும், நிறமும் பாதிக்குப் பாதி வெளுத்துவிடும். அதனால் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு முடிவு செய். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். ஒரு மூட்டை சுண்ணாம்பு இருபது யூரோவுக்குள், அதில் பாதி இன்னும் கிடக்கிறது.

தரையில் எங்களுக்கு அதிர்ஷ்டம். தரையில் ஒட்டியிருந்த பழைய லினோலியம் விரிப்பைச் சுருட்டினால் அடியில் அறுகோணச் சிவப்பு ஓடுகள், அப்படியே இருந்தன. கருப்பு சோப்பு போட்டுத் தேய்த்து ஆளி விதை எண்ணெய் தடவினோம், அவ்வளவுதான்.

கட்டில் எம்மாவுஸ் கடையில் கிடைத்தது, இரும்புக் கட்டில், 40 யூரோ. 1949-இல் பாதிரியார் அபே பியேர் வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. வேண்டாத சாமான்களை நன்கொடையாக வாங்கிச் சரிசெய்து விற்று அதில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீல்-சூர்-லா-சோர்க் ஊரின் பழம்பொருள் சந்தைக்குப் போனால் இதே கட்டிலுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்காதே. அங்கே வேடிக்கை பார்க்க மட்டும் போகலாம். கட்டிலில் உரிந்த வெள்ளை பெயிண்ட் இருந்தது. பழைய வெள்ளையில் ஈயம் இருக்கலாம், அதை உப்புத்தாளால் தேய்த்துப் பொடியாக்கக் கூடாது. இங்கே 1949-க்கு முன் கட்டிய வீட்டை விற்பதற்கே ஈயப் பரிசோதனை அறிக்கை வேண்டும். உன் வீட்டுப் பழைய ஜன்னல்களைத் தொடும்போது இதை நினைவில் வை. மெத்தை மட்டும் புதுசு. மொத்தச் செலவு 500 யூரோவைத் தொடவில்லை, அதில் பாதிக்கு மேல் மெத்தைக்கே போனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது திரைச்சீலைதான். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்குச் சீராக டஜன் கணக்கில் லினன் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பார்கள். மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலில் பெயரின் முதலெழுத்துகள். தறி குறுகல் என்பதால் இரண்டு துண்டுகளை நடுவில் இணைத்த தையல் ஒன்று நீளமாக ஓடும். தூக்கவே கனம், இஸ்திரி போட உயிர் போகும், அதனால் இப்போது யாருக்கும் வேண்டாம், பத்துப் பதினைந்து யூரோவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கி வந்து பெர்கார்பனேட் என்ற வெளுக்கும் பொடி போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்தேன், மஞ்சள் கறையெல்லாம் போய்விட்டது. வெட்டவில்லை, தைக்கவில்லை. மேல் விளிம்பை மடித்து, கொக்கி வளையத்தில் இரும்புக் கம்பியில் மாட்டிவிட்டேன். மூலையில் 'எம். பி.' என்று தைத்திருக்கிறது, அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் தையல் நேர்த்தியாக இருக்கிறது.

கட்டில் மேல் விரிக்க இந்த வட்டாரத்துப் பூப்போட்ட பருத்தித் துணி. பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும், மாங்காய் வடிவம், குட்டிக் குட்டிப் பூ, எல்லாம் நம் பக்கத்துச் சரக்கு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சாயம் போகாத துணிகளுக்கு இங்கே அப்படியொரு மோகம். பட்டும் கம்பளியும் நெய்கிறவர்கள் கூச்சல் போட்டதில், 1686-இல் பதினான்காம் லூயியின் அரசு அந்தத் துணிகளையும், அவற்றைப் பார்த்து இங்கே அச்சடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தது. 1759 வரை தடை. பெண்கள் கேட்டால்தானே, திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். தடை நீங்கிய மறு வருடமே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி-ஆன்-ஜோசாவில் பட்டறை போட்டார். ஒற்றை நிறத்தில் மேய்ச்சல் காட்சியெல்லாம் அச்சிட்டு, இன்றைக்கும் பெரிய வீட்டுச் சுவரில் ஒட்டுகிறார்களே, அந்தத் துணி அங்கேதான் பேர் பெற்றது.

அதனால் நீ இங்கிருந்து துணி வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிடு. நல்ல கலம்காரி ஒன்று விரி. உன் மாடிச் சுவர் ஏற்கெனவே சுண்ணாம்புக் காரைதான், அதன் மேல் எமல்ஷன் அடிக்க எவன் வந்து சொன்னாலும் விடாதே. ஈஃபில் கோபுரம் அச்சிட்ட தலையணை, பிளாஸ்டிக் லாவெண்டர், பீங்கான் சேவல், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இங்கே கிராமத்தில் ஒருவர் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. சாமான் கம்மியாக இருக்கட்டும். கட்டில், ஒரு நாற்காலி, சட்டை மாட்ட நாலு மர முளை. என் அறையில் அதற்கு மேல் இல்லை.

ஜூன் கடைசியில் வா. லாவெண்டர் பூத்திருக்கும், வெயிலும் உனக்குப் பழகிய வெயில்தான். மார்சேய்க்கு டிக்கெட் கிடைத்தால் இவர் காரில் வந்து கூட்டிக்கொண்டு வருவார். பாரிஸுக்குத்தான் கிடைத்தது என்றால் விமான நிலையத்திலேயே டி.ஜி.வி. அதிவேக ரயில் ஏறி அவிஞோனில் இறங்கு. எது என்று சீக்கிரம் சொல், அப்படியே பெண் வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதையும்.

அன்புடன்,
செல்வி