எல்லாவற்றுக்கும் ‘உறுதியான’ என்றால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பயோடேட்டாவும் கவரிங் லெட்டரும் அடிக்க வருவார்கள். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டையில் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் முடிவெடுக்கும் திறனைப் பற்றி எழுதும்போது மட்டும் டிசைசிவ் (decisive), டிசைடட் (decided), டிடர்மின்ட் (determined) என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கேட்டால், “எல்லாம் ஒண்ணுதானே அண்ணாச்சி?” என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கைடுகளில் மூன்றுக்கும் ‘உறுதியான’ என்றே அச்சடித்திருக்கிறது.

தயங்காமல் முடிவெடுப்பவர் டிசைசிவ். எடுத்த முடிவை விடாமல் பிடித்து நிற்பவர் டிடர்மின்ட். ஒருவரிடம் முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமலும் போகலாம். டிசைசிவ் என்பது நிகழ்ச்சிக்கும் பொருந்தும். 1757-இல் நடந்த பிளாசிப் போரை அப்படித்தான் எழுதுவார்கள், அது ஒரு பெரிய விஷயத்தைத் தீர்த்துவைத்ததால். அந்த இடத்தில் டிசைடட் என்று எழுத முடியாது. ‘டிசைடட் அட்வான்டேஜ்’ என்றால் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிற சாதகம், அவ்வளவுதான். ‘டிசைசிவ் அட்வான்டேஜ்’ என்றால் வெற்றியையே முடிவுசெய்துவிட்ட சாதகம்.

எனக்கு அதிகக் கவலை தருவது அன்டிசைடட் (undecided), இன்டிசைசிவ் (indecisive) என்கிற ஜோடி. சென்னையில் சேர்வதா மதுரையில் சேர்வதா என்று இன்னும் முடிவு செய்யாத ஒரு பெண், ‘ஐ ஆம் இன்டிசைசிவ்’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். அதைப் படிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்? எதிலுமே முடிவெடுக்கத் தெரியாத சுபாவம் என்றுதான். ஊர் விஷயத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்ல அன்டிசைடட் போதும். எழுத்துப்பிழை இல்லாததால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடுவதில்லை. நான் எடுத்துச் சொன்னதும் திருத்திக்கொண்டாள். இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே குறை எழுதி அனுப்புகிறார்களோ!

தங்கள் கல்விப் பக்கத்தில் இந்தச் சொற்களை வெறும் பொருளோடு பட்டியல் போடாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழு வாக்கியங்களோடு வெளியிட வேண்டுகிறேன். விண்ணப்பக் கடிதத்தில் வருகிற வாக்கியங்களாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியிட்டால் வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.