அந்தப் பாலத்துக்கு ஓர் ஊர் இருக்கிறது

அருங்காட்சியகத்தின் காட்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இப்போது நடக்கும் ஜப்பானிய மர அச்சோவியக் கண்காட்சியில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் வளைந்த பாலப் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். அதன் குறிப்புப் பலகையில் இருப்பது இவ்வளவுதான்: ஜப்பானியத் தோட்டப் பாலம், மோனேக்கு உந்துதல் தந்த படம். (மோனே பிரெஞ்சு ஓவியர்.) இதைத் திருத்தக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அது யாருடைய தோட்டமும் அல்ல. டோக்கியோவின் கிழக்குப் பக்கம் இருக்கும் கமெய்தோ தென்ஜின் ஆலயம். அரசவைச் சூழ்ச்சியால் தலைநகரை விட்டு விரட்டப்பட்டு 903-இல் இறந்துபோன அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே அங்கே கல்வித் தெய்வம். தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் இன்றும் மரப்பலகையில் வேண்டுதல் எழுதி மாட்டுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் விஸ்டீரியா கொடிகள் சரம் சரமாகப் பூக்கும்போது குளத்தைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. 1945 குண்டுவீச்சில் ஆலயம் எரிந்தது. இன்றிருக்கும் பாலம் கான்கிரீட். பழைய மரப்பாலத்தைக் காட்டும் சாட்சியங்களில் ஒன்றுதான் உங்கள் சுவரில் இருக்கிறது. ஆலயத்தின் பெயரை எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பெயர் இல்லாததால் என்ன நடக்கிறது? ஒரு பள்ளிக் குழுவிடம் உங்கள் வழிகாட்டி, இது மோனே வீட்டுப் பாலம் என்று சொன்னதைக் கேட்டேன். மோனே தன் வீட்டருகே பாலம் அமைத்த குளத்துக்கான நிலத்தை வாங்கியதே 1893-இல். இந்தப் படம் வெளிவந்தது 1856-இல். அந்த வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் படிக்கக் கிடைத்தது அந்தப் பலகைதான்.

அப்புறம் அந்த நீலம். பாலத்தின் வளைவுக்குக் கீழே வானம் தெரிய வேண்டிய இடத்திலும் தண்ணீரின் அடர்நீலம் ஏறியிருக்கிறது. ஆரம்பத்தில் அச்சான பிரதிகளில் நேர்ந்து, பிறகு திருத்தப்பட்ட பிழை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செதுக்கிய மரப்பலகை, ஒரே தாளை அவற்றின் மேல் மாற்றி மாற்றி வைத்துத் தேய்த்த அச்சுக்காரரின் கை, அவசரப்பட்டிருக்கக்கூடிய ஒரு பதிப்பகம் என்று அவ்வளவும் அந்த ஒரு துண்டு நீலத்தில் தெரிகிறது. இவ்வளவு அருமையான பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவது எனக்குத் தாங்கவில்லை.

இது உங்கள் கூடத்தில் மட்டும் நடப்பதல்ல. அதே கமெய்தோவின் பிளம் தோட்டத்தை ஹிரோஷிகே வரைந்தார். 1887-இல் டச்சு ஓவியர் வான் கோ அதைப் பார்த்து வரைந்தார். அந்தப் படத்தைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் வான் கோவில்தான் தொடங்குகிறது. ஐரோப்பிய ஓவியர் ஒருவர் பார்த்திருந்தால்தான் ஓர் ஊருக்கு மதிப்பா? மோனேயை நீக்கச் சொல்லவில்லை. அவர் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். கேட்பது சின்ன விஷயம். முதல் வரியில் ஆலயத்தின் பெயரும் ஊரும். அடுத்து, அந்த நீலம் எப்படி வந்தது என்று ஒரு வாக்கியம். வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் என்பதால் இந்தப் படங்களை நீண்ட நாள் மாட்டிவைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இது மறுபடி பெட்டிக்குள் போனால் எப்போது வெளியே வருமோ. அதற்கு முன்பே, இந்தக் கண்காட்சி முடிவதற்குள், பலகையை மாற்றித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கூடத்துக்கு அடிக்கடி வரும் பார்வையாளர்